மிளாவுக்கு மூன்று கொட்டேஷன்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே, துப்பாக்கியைக் கையால் தொடாமலே மான் வேட்டைத் தோட்டாக்களைக் கரைத்துக் குடித்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் முட்டை கலந்த கேக்கைக்கூடச் சாப்பிட மாட்டார். அலுவலகத்தில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் மெழுகுவத்தி ஊதும் வரை நின்று கைதட்டுவார். பிறகு தன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு சீட்டுக்குப் போய்விடுவார்.

இந்தக் கங்காரு தேசத்தில், ட்ருகனினா என்ற புறநகரில் எங்கள் கம்பெனியின் கிடங்கு. கொள்முதல் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை அவருடையது. நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் கொட்டேஷன் சார். திருச்சிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் இதே வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இங்கே வந்தவர். அங்கே அவர் படித்த வேதம் ஒன்றுதான். எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

ஒரு சமயம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செல்வண்ணை விரலில் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டர் தீர்ந்திருந்தது. கொட்டேஷன் சார் பதறிப்போய் உடனே மூன்று கடைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாவது பதில் வருவதற்குள் காயம் ஆறித் தழும்பும் மறைந்துவிட்டது. இன்னொரு நாள் நெடுஞ்சாலையில் அவருடைய கார் படுத்துவிட்டது. இழுத்துப் போக வண்டியும் வந்துவிட்டது. "உங்க ரேட்டைச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்று அந்த டிரைவரைச் சாலை ஓரத்தில் உட்கார வைத்து, வாழைப்பழம் கொடுத்து உபசரித்தார். கூட வந்த அவர் மனைவி, எங்கள் மாமி, மட்டும் டாக்சி பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். பெயர் நித்யா, பிசியோதெரபிஸ்ட். கிப்ஸ்லாந்துப் பக்கம் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். ஒரு குளிர்காலம் முடிவதற்குள், ஜேக் என்ற தச்சனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வந்து நின்றாள். மாமிக்குப் பையனைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த சமையலறை அலமாரிக் கதவை, யாரும் சொல்லாமலே அவன் சரிசெய்துவிட்டானாம். கொட்டேஷன் சார் மட்டும் மறுநாள் தேநீர் நேரத்தில் என்னை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சாதி, மதம், நாடு எதுவும் எனக்குப் பிரச்சனை இல்லைய்யா. ஆனா ஒரே ஒரு கொட்டேஷன்! சிங்கிள் டெண்டர்! நான் சர்வீஸ்ல ஒரு குண்டூசிகூட இப்படி வாங்கினதில்ல."

"பையன் நல்லவன்தானே சார்?"

"நல்லவன்தான். எதோட ஒப்பிட்டு நல்லவன்? அதைச் சொல்லு."

இது வெளியே சொன்னது. உள்ளே இருந்த பயம் வேறு. ஜேக்குக்கு அம்மா காலமாகிவிட்டார். வீட்டில் அப்பா ஒருவர்தான். அவர் பேசவே மாட்டார் என்று நித்யா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "நாளைக்கு அவ வீட்டுக்கு நான் போறேன்னு வெச்சுக்க. அந்த மனுஷனோட பேச எனக்கு என்ன இருக்கு? யாரோ மாதிரி சோபா நுனியில உக்காந்து டீ குடிச்சிட்டுத் திரும்பி வரணும். அப்புறம் போறதே நின்னு போயிடும்" என்றார். எனக்கும் கேலி செய்ய மனம் வரவில்லை.

ஜேக்கின் அப்பா, அதாவது சம்பந்தி, வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, நம் பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கொட்டேஷன் சார் என்னையும் கூப்பிட்டிருந்தார். கதவு நிலை அளவுக்கு ஒரு மனிதர், தாடியோடு குனிந்து உள்ளே வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றியதில் காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டை விரல் எட்டிப் பார்த்தது. சோபாவில் உட்கார்ந்தார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. குளிரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினார்கள். அது தீர்ந்ததும் சம்பந்தி முருகன் படத்தைப் பார்த்தார், கொட்டேஷன் சார் அந்தக் கட்டை விரலைப் பார்த்தார். கடைசியில் சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போவது தன் வழக்கம் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சாம்பர் மானுக்கு நீங்க எதைச் சொல்வீங்க, மேட்? டூ-செவன்ட்டியா, த்ரீ-ஓ-எய்ட்டா?"

அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொல்கிறேன். இரண்டும் தோட்டாக்களின் பெயர்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சும்மா பேச்சுக்குக் கேட்ட கேள்வி. வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். கொட்டேஷன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஜ்ஜி எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார். இருபது வருடம் பழகிய குரலில், "ஐ வில் ரிவர்ட்" என்றார். விசாரித்துப் பதில் சொல்கிறேன் என்று பொருள். சம்பந்தி தலையாட்டிவிட்டு இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நித்யா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, ஹி வாஸ் ஜஸ்ட் மேக்கிங் கான்வர்சேஷன்! எல்லார்கிட்டயும் அதையேதான் கேப்பார்!"

"கேக்கட்டும்மா. வாயத் தொறந்து முதல் முதலா என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்காரு. அதுக்கே பதில் வரலன்னா, அடுத்தது எதைக் கேப்பாரு?"

அன்று ஆரம்பித்தது கொள்முதல் வேலை.

முதல் கொட்டேஷனுக்கு மேற்குப் புறநகரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். "லைசென்ஸ் இல்லை, என்கொயரி இருக்கிறது" என்றார் இவர். அந்தக் கடைக்காரர் பொறுமைசாலி. டூ-செவன்ட்டி குண்டு தாழாமல் நேராகப் பறக்கும். இந்த மாநிலத்தில் சாம்பர் மானுக்கு அதைவிடச் சின்னதுக்குச் சட்டமே இடம் தராது. த்ரீ-ஓ-எய்ட் எந்தக் குக்கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் இன்னும் கனமான குண்டைச் சுமந்து போகும். த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் பலசாலிதான், ஆனால் சுடுகிறவன் தோளையும் ஒரு கை பார்த்துவிடும், இறைச்சியும் சிதையும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கொட்டேஷன் சார் கேட்டார்:

"இந்த ரேட் எத்தனை நாளைக்கு வேலிட்? சாம்பிள் கிடைக்குமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்தேன். அது எங்கள் மூவரையும் பார்த்தது.

இரண்டாவது கொட்டேஷன் அமெரிக்காவிலிருந்து. அவருடைய மச்சினன் டென்வரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அங்கே எல்க் என்று ஒரு பெரிய மான் உண்டு, அதை வேட்டையாடுவார்கள், உருவத்தில் சாம்பரைவிடப் பெரியது, ஆகவே அந்த ஊர் அனுபவம் ஒப்பிடத் தக்கது என்பது இவர் வாதம். வீடியோவில் மச்சினனைப் பிடித்தோம்.

"எல்க்குக்கு என்ன தோட்டா போடுவாங்க மாப்ள?"

"மாமா, எனக்குத் தெரிஞ்ச எல்க் ஒண்ணுதான். எங்க வீட்டு ரோஜாச் செடியத் தின்ன வரும். நான் கரண்டியால பாத்திரத்தத் தட்டுவேன். போயிடும்."

விடுவாரா? ஆபீஸில் யாராவது வேட்டைக்காரரைக் கேட்டுச் சொல் என்று துரத்தினார். எல்க்குக்கு எலும்பு கெட்டி, மேக்னம்தான் சரி, மற்றவர்கள் தேர்ட்டி-ஆட்-சிக்ஸிலேயே காலத்தை ஓட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. கணினியில் இவர் போட்டு வைத்திருந்த பெரிய ஒப்பீட்டு அட்டவணையில் அது ஏறியது. அதற்குக் கீழே, "மாற்று வழி: கரண்டி, பாத்திரம். இறைச்சிச் சேதம்: இல்லை" என்றும் எழுதியிருந்தார். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை.

மாமி அதைப் பார்த்துவிட்டார். "சாமி ரூம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, கறி வீணாப் போகுதேன்னு கவலைப்படறீங்களே, நல்லா இருக்கா?"

"உபயோகிக்கிறவனுக்கு எது முக்கியமோ அதத்தான் பாக்கணும். நம்ம ருசி இதுல வரக் கூடாது" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மூன்றாவது கொட்டேஷன் செல்வண்ணையிடம். அவர் வன்னிப் பக்கத்து ஆள். காட்டோரத்து ஊரில் வளர்ந்தவர் ஆயிற்றே என்று கொட்டேஷன் சார் மான் படத்தோடு போய் நின்றார்.

"இது எங்கட மரை எல்லே! இதை ஏன் சாம்பர் எண்டு சொல்லுறியள்?" என்றார் செல்வண்ணை.

"நாங்க மிளான்னு சொல்வோம். வெள்ளைக்காரன் அந்தக் காலத்துல நம்ம பக்கத்துலேர்ந்துதான் கப்பல்ல கொண்டாந்து விட்டானாம். நம்ம ஊர்க்காரங்கய்யா! நமக்கு முன்னாடியே இங்க நிரந்தரமா தங்க பி.ஆர். வாங்கிடுச்சு!"

இருவரும் சிரித்தார்கள். அதே வேகத்தில் இவர், எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டுவிட்டார். செல்வண்ணையின் சிரிப்பு நின்றது.

"சேர், வெடிச்சத்தம் கேளாத இடம் எண்டுதான் நான் இஞ்ச வந்தனான். என்னட்டை வந்து எந்த வெடி நல்லம் எண்டு கேக்கிறியள்."

கொட்டேஷன் சார் மான் படத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு போய், இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் ஒன்றைக் கலந்து கொண்டுவந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தத் தேநீருக்கு அவர் யாரிடமும் விலை கேட்கவில்லை, அதை நான் கவனித்தேன். செல்வண்ணை குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, எழுதுங்கோ. சத்தம் எது குறைவோ, அதுதான் நல்லம்" என்றார். அட்டவணையில் சத்தத்துக்கு ஒரு பத்தி சேர்ந்தது.

பிரச்சனை அலுவலகப் பிரிண்டரில் வெடித்தது. நூறு கஜத்தில் எந்தக் குண்டு எவ்வளவு ஆழம் பாயும் என்ற காகிதம் மேனேஜர் கையில் கிடைத்துவிட்டது. அவர் என்னைத் தனி அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"இவருக்கு யார் மேலாவது கோபமா?"

"கோபம் இல்லை, சம்பந்தம்" என்றேன். விளக்கி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு சம்பந்தி, மலையில் கூடாரம் போடப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டு அனுப்பினார். கொட்டேஷன் சாருக்கு அது டெண்டர் திறக்கும் நாள். தலையில் குரங்குக் குல்லாய், மேலே வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் கோப்பு, காரின் பின்னால் பெரிய அடுக்கில் தயிர் சாதம். வண்டி ஓட்டியது நான். வழியெல்லாம் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பரீட்சைக்குப் போகிற பையன்கள் அப்படித்தான் முணுமுணுப்பார்கள்.

ஆற்றோரம் கூடாரம். மதிய வெயில், பக்கத்தில் நெருப்பு, சம்பந்தியின் நாய் படுத்திருந்தது. ஜேக் விறகு பிளக்கப் போயிருந்தான். கொட்டேஷன் சார் எழுந்து நின்றார். "தாங்கள் கேட்ட விவரம் தொடர்பாக" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாயும் தூரம், குண்டின் எடை, தோள் உதை, இறைச்சிச் சேதம், சத்தம் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். சம்பந்தி முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு கேட்டார். அவர் தேநீர் ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. கடைசியில் தீர்ப்பு. கனமான குண்டு போட்ட தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் முதலிடம், த்ரீ-ஓ-எய்ட் இரண்டாம் இடம், டூ-செவன்ட்டி மூன்றாம் இடம்.

சம்பந்தி எழுந்து தன் வண்டிக்குப் போனார். பூட்டைத் திறந்து ஒரு பழைய துப்பாக்கியை எடுத்து வந்தார். கட்டைப் பகுதி கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது.

"எங்க அப்பாவோடது. த்ரீ-ஓ-எய்ட். இதைத் தவிர வேற எதுலயும் நான் சுட்டதே இல்ல. வேற எதையும் பார்த்ததும் இல்ல."

கொட்டேஷன் சாரின் முகம் குல்லாய்க்குள் சுருங்கிவிட்டது. "போச்சுய்யா" என்றார் என்னிடம் தமிழில். "அந்த மனுஷனோட அப்பாவ ரெண்டாம் இடத்துல போட்டுட்டேன். எல்லாம் போச்சு." மகள் வீட்டுச் சோபாவின் நுனிகூட அந்த நேரத்தில் அவருக்குக் கிடைக்கும்போல் தெரியவில்லை.

சம்பந்தி நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு பேசி ஜேக்கே கேட்டிருக்க மாட்டான்.

"எனக்குப் பேச வராது. என் மனைவி இருந்த வரைக்கும் பேச்சை எல்லாம் அவ பார்த்துக்கிட்டா. இப்ப யாரையாவது புதுசா பார்த்தா, என்ன கேக்கறதுன்னு தெரியாம இதைக் கேப்பேன். எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. திரும்பி வந்து பதில் சொன்ன முதல் ஆள் நீங்கதான், மேட்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். புகைதான் காரணம் என்று கண்ணையும் துடைத்துக்கொண்டார். கொட்டேஷன் சார் பேனாவை எடுத்துத் தன் சிபாரிசை ஒரே கோடாக அடித்தார். ஏற்கெனவே உபயோகத்தில் இருந்து, திருப்தியாக வேலை செய்கிற பொருளுக்கு டெண்டரே வேண்டாம், அதற்கு ரிபீட் ஆர்டர் என்று பெயர், விதியிலேயே இடம் இருக்கிறது என்று சம்பந்திக்கு விளக்கினார். அதன்படி அப்பாவின் துப்பாக்கிக்கே முதலிடம். சம்பந்தி எழுந்து, தோளே கழன்றுவிடும்போல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோள் உதை என்ற பத்தியின் முழு அர்த்தம் கொட்டேஷன் சாருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கும்.

மறுநாள் காலை, புல்லெல்லாம் உறைபனி. சம்பந்தி துப்பாக்கியோடு முன்னால் போக நாங்கள் பின்னால் நடந்தோம். ஒரு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மர நிழலில் நின்றது மிளா. கிளை கிளையாகக் கொம்பு, மூக்கிலிருந்து ஆவி. சம்பந்தி மெல்லத் துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கியவர், விருந்தாளிக்கு மரியாதையாக, "என்ன நினைக்கிறீங்க?" என்று கிசுகிசுத்தார்.

கொட்டேஷன் சார் மிளாவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒரு தடவை பார்த்தவர் இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு ரொம்பப் பொறுப்பாக, "குட் ஒன். பட் லெட் அஸ் சீ டூ மோர்" என்றார்.

சம்பந்தி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். முதலில் தாடி ஆடியது, அப்புறம் தோள் ஆடியது. குண்டை வெளியே எடுத்துத் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, பாறையில் உட்கார்ந்து அவர் சிரித்த சிரிப்பில் மலையே எதிரொலித்தது. மிளா மற்ற இரண்டு பேருக்காகக் காத்திருக்கவில்லை, போய்விட்டது. மானைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா என்று சாயங்காலம் காரில் ஊர் திரும்பும்போது கேட்டேன். "ரூல்ய்யா. ரூலை மீறக் கூடாது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பு, அன்று மதியம் கூடாரத்தில் சம்பந்தி தயிர் சாதத்தோடு மோர் மிளகாயைக் கடித்துவிட்டுக் கண் கலங்க இருமினார். இருமி முடித்து இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே, "நித்யாவுக்கு எத்தனை பையன்களைப் பார்த்தீங்க?" என்று கேட்டார். எனக்குப் பகீர் என்றது.

கொட்டேஷன் சார், தூரத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜேக்கைப் பார்த்தார். "ஒரே ஒருத்தன்தான். அதுவும் அவளே பார்த்தா. சில விஷயத்துக்கு ஒண்ணு பார்த்தாப் போதும்" என்றார். ஆங்கிலத்தில் சம்பந்தியிடம் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தமிழில் என்னிடமும் ஒரு முறை சொன்னார்.

கல்யாணம் கேரம் டவுன்ஸ் கோயிலில் நடந்தது. சம்பந்தி வேஷ்டி கட்டி, அதன் மேல் தோல் பெல்ட் போட்டு வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்ததும் அவரும் கொட்டேஷன் சாரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. ஆனா நல்லாச் சிரிக்கினம்" என்றார் செல்வண்ணை.

இப்போது கொட்டேஷன் சார் வேலையை விட்டுவிட்டு மகள் ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டை வாங்க எத்தனை வீடு பார்த்தார் என்பது தனிக் கதை. சம்பந்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை, ஆனால் அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் போகிறது. எங்கள் அலுவலகத்தில் கொட்டேஷன் சாரின் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், எதையும் கணினியில் ஒரே தட்டலில் வாங்கிவிடுகிறாள். பிளாஸ்டர் எப்போதும் இருக்கிறது. எனக்குத்தான் பக்கத்து மேஜையைப் பார்த்தால் என்னவோபோல் இருக்கிறது.

இந்த நாட்டில் எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறார்கள். போன வாரம் கொட்டேஷன் சார் போன் செய்து, "எப்படிய்யா இருக்கே?" என்றார். எனக்கு அப்போது மனசு அவ்வளவு சரியில்லை. இருந்தாலும், "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன். "சரி, பாக்கறேன்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சார் பேசினார், உங்களைப் பற்றித்தான் கேட்டார் என்றாள் என் மனைவி. மறுநாள் கிடங்கில் செல்வண்ணை, "சேர் போன் எடுத்தவர். நீர் எப்பிடி இருக்கிறீர் எண்டு கேட்டவர்" என்றார். மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னுடையது மட்டும் ஒத்துப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், அவ்வளவு தூரம் பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறி வந்து, மைசூர்பாகு டப்பாவோடு நிற்கிறார்.

நான் எப்படி இருக்கிறேன் என்பதற்கு மூன்று கொட்டேஷன் வாங்கிய மனிதர் எனக்கு வாழ்க்கையில் இவர் ஒருவர்தான். வேறு இரண்டு பேரைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.